பழிவாங்கப் போன ஞாயிற்றுக்கிழமை

கத்தியைப் பிடிக்கக்கூடத் தெரியாத ஒருவன், தம்பியைச் சாகடித்தவனைத் தேடிப்போகும் சினிமா அது. மூன்று தடவை பார்த்தேன். என் தம்பியும் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஒரு டேனரியின் கழிவுத் தொட்டியில் இறங்கி, விஷவாயு தாக்கிச் செத்தவன்தான். இறங்கச் சொன்னவர் அங்கிருந்த மேஸ்திரி. சினிமாக்காரனால் முடிந்தது, ஆம்பூரில் ஷூ தைக்கிற என்னால் முடியாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோல் வெட்டும் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு பேரணாம்பட்டுக்குப் பஸ் ஏறினேன். மேஸ்திரி தன் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பைக்குள் கையை விட்டேன். பதற்றத்தில் பிடியை விட்டுவிட்டுக் கூரான பக்கத்தைப் பிடித்துவிட்டேன். உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது.

"ஐயோ, இன்னாம்மா ஆச்சு?" ஓடிவந்தவர், ஈரத் துண்டை என் கையில் சுற்றி அழுத்திப் பிடித்தார். பை நழுவிக் கத்தி கீழே விழுந்தது. அதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கையை விடவில்லை.

"அவன் அக்காதானே நீ? அவன் கையையும் இப்படித்தாம்மா புடிச்சேன். வழவழன்னு இருந்துச்சு. நழுவிப் போய்ட்டான்."

"ஏன் எறங்கச் சொன்னீங்க?"

அவர் துண்டை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

இன்றுவரை அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் என் தம்பியை உயிரோடு கடைசியாகத் தொட்ட கை அது. அன்று என் கையை உடனே இழுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.