அத்தை காரில் மினுக்கிய விளக்கு

அத்தை கார் வாங்கியதில் அப்பாவைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எல்லோரும் என்றால் நானும் அம்மாவும்தான். அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. மாமா தவறிய பிறகு சுரக்குடியில் எங்களோடு வந்து இருந்தார். வேலை பூவத்தில், ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். நானும் அங்கேதான் படித்தேன். பஸ்ஸில் போனால் காரைக்காலில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் பிரேயர் முடிந்துதான் போய்ச் சேருவோம். ஹெட்மிஸ்ட்ரஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு அலுத்துப்போய்த்தான் அத்தை அந்தப் பழைய காரை வாங்கினார்.

தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அப்பாவுக்கு மனத்தாங்கல். ஊர் உலகமெல்லாம் சனியைத் தொலைக்கப் பக்கத்துத் திருநள்ளாற்றுக்கு வந்துபோகிறது, நம் வீட்டுக்கு மட்டும் அது நாலு சக்கரத்தில் வந்து இறங்கியிருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அத்தையிடம் அந்தக் காரைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

கொஞ்ச மாதம் ஒழுங்காக ஓடிய வண்டியில் டேஷ்போர்டு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. சாயங்காலம் இருட்டிக்கொண்டு வரும்போது வேகத்தடையில் ஏறி இறங்கினால் போதும், ஸ்பீடாமீட்டர் கண்ணை மூடி மூடித் திறக்கும். எனக்கு அது வேடிக்கை. அத்தை வண்டியை ஓரங்கட்டிவிடுவார். மெக்கானிக் பல்பை மாற்றினார், ஃபியூஸை மாற்றினார், டைனமோவைக் கழற்றிப் பார்த்து அது நன்றாக இருக்கிறது என்றார். மினுக்கல் மட்டும் நிற்கவில்லை. இப்போது அப்பாவுக்கு வாய் திறக்க ஒரு காரணம் கிடைத்தது.

"நடுரோட்டுல நின்னுபோச்சுன்னா என்ன செய்வ? பொம்பளப் புள்ளய வேற ஏத்திக்கிட்டுப் போற. பேசாம வித்துட்டு பஸ்ல போ."

அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும்படி ஓர் ஆளுக்கும் சொல்லிவிட்டார். கார் போனால் வேலையையும் விடத்தான் வேண்டியிருக்கும் என்று அத்தை அடுப்படியில் அம்மாவிடம் சொல்லி அழுதார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டைப் போட்டார். பிறகு முன்னால் போய் பானெட்டைப் பிடித்து அமுக்கி அமுக்கி விட்டார். டேஷ்போர்டு மினுக்கியது. எதிர்ச் சுவரில் விழுந்த ஹெட்லைட் வெளிச்சமும் கூடவே மினுக்கியது.

"ரெண்டும் ஒண்ணா மினுக்குதுன்னா கோளாறு பல்புல இல்ல பாப்பா. கரண்டு வர்ற எடத்துல இருக்கு."

பானெட்டைத் திறந்து ஒவ்வொரு ஒயராகப் பிடித்து அசைத்தார். பேட்டரியில் மாட்டியிருந்த கிளாம்பைத் தொட்டதும் எல்லா விளக்கும் செத்துப் பிழைத்தன. வண்டியை அணைத்துவிட்டு ஸ்பானரால் கிளாம்பைக் கழற்றினார். உள்ளே மஞ்சளாக ஏதோ அடை அடையாகக் காய்ந்து கிடந்தது. கத்தியால் சுரண்டினார். சந்தனம். நடுநடுவே குங்குமம்.

எங்கள் வீட்டில் இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கிறவர் அப்பா ஒருவர்தான். வெள்ளிக்கிழமை காலையில் பம்புசெட்டுக்கும் டிராக்டருக்கும் வைத்துவிட்டு வருவார். அத்தை குளிக்கப் போகிற நேரம் பார்த்து ஆணியில் தொங்கும் கார் சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். பேட்டரிதான் வண்டிக்கு உயிர் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். விளக்கு மினுக்க ஆரம்பித்த பிறகு இன்னும் தாராளமாகவே அப்பினார். தண்ணீராகக் கரைத்த சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, கிளாம்பைப் பிடிக்கவிடாமல் செய்திருக்கிறது.

அப்பா அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தபோது அத்தை கத்தியும் கையுமாக நின்றார்.

"கோளாறு வண்டில இல்லண்ணே. எல்லாம் நீங்க வெச்ச சந்தனந்தான். வண்டிய விக்க வைக்கணும்னே வெச்சீங்களோ என்னமோ."

கார் பார்க்க வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் கைதட்டினேன். அப்பா கத்தி முனையில் ஒட்டியிருந்த சந்தனத்தையே பார்த்தார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

அத்தை கிளாம்பைத் துடைத்து இறுக்கி மாட்டினார். அதன் பிறகு விளக்கு ஒருநாளும் மினுக்கவில்லை. அந்தக் காரிலேயே வேலைக்குப் போய் ரிட்டையரும் ஆனார். அப்பா கடைசிவரை அதில் ஏறவில்லை. மருத்துவமனைக்குப் போன அன்றைக்குக்கூட ஆட்டோதான். வேண்டுமென்றே வைத்தீர்களோ என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று அத்தை இன்றும் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த வருஷத்து ஆயுத பூஜை நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா சந்தனக் கிண்ணத்தோடு டிராக்டர், மிக்ஸி, என் சைக்கிள் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். அத்தை காரைக் கழுவித் துடைத்து, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்தார். அப்பா தலையைக் குனிந்தபடி காரைத் தாண்டிப் போனார்.

"மூடிடுங்க அத்தை. அப்பா மறுபடியும் சந்தனம் வெச்சிடப் போறாங்க" என்றேன்.

அப்பா கொல்லைப்பக்கம் போய் மறையும்வரை அத்தை நின்றிருந்துவிட்டு பானெட்டை மூடினார். சரியான நேரத்தில் காரைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.