புத்தகத்தின் மேல் வைத்த கை

"சாரதா மேடம் தூங்கற மாதிரியே போயிட்டாங்க" என்று லோதி ரோடு குடியிருப்பிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. மாத்திரைத் தூக்கத்திலிருந்து வெளியே வர அவர் பட்ட பாட்டை நம் பிரிவில் எல்லோருமே பார்த்தோம்.

கணவர் இறந்தபோது, பதற்றம் அடங்கித் தூக்கம் வருவதற்காகப் பதினைந்து நாளைக்கு என்று கொடுத்த மாத்திரை அது. ஏழு வருடம் ஓடியது. ஓட்டியவன் நான். நம் பிரிவில் இருந்த ஆறு பேருடைய, டாக்டர் மருந்து எழுதித் தரும் மருத்துவப் புத்தகங்களையும் ஒருவரே அரசு மருந்தகத்துக்கு எடுத்துப்போவது நம் அலுவலக வழக்கம். ஒழுங்கானவன் என்று அதை நீங்கள் எல்லோரும் என்னிடம் விட்டிருந்தீர்கள். செவ்வாய்தோறும் பெயர் வரிசையில் அடுக்கி நீட்டுவேன். டாக்டர் தலை நிமிராமல் எல்லாவற்றிலும் 'ரிபீட்' என்று எழுதுவார். ஆள் எங்கே என்று அவர் கேட்டதில்லை. கேளுங்கள் என்று நானும் சொன்னதில்லை.

ஒரு செவ்வாயன்று புது டாக்டர். அவரும் நிமிரவில்லை. "இத்னே சால்? பந்த் கரோ", இத்தனை வருடமா, நிறுத்து என்று சாரதா மேடத்தின் புத்தகத்தில் கோடு கிழித்தார். எப்படி நிறுத்துவது என்று நான் கேட்கவில்லை. "நிறுத்தச் சொல்லிட்டார் மேடம்" என்று புத்தகத்தை அவர் மேஜையில் வைத்தேன். அன்றே நிறுத்தினார். மூன்றாம் நாள் தட்டச்சில் விரல்கள் நடுங்கி எழுத்தில் நிற்கவில்லை. ஐந்தாம் நாள், சாப்பாட்டு வேளையில், நம் கண்ணெதிரே வலிப்பு வந்து விழுந்தார்.

"இதை ஒரே நாள்ல நிறுத்தச் சொன்னது யாரு? கொஞ்சம் கொஞ்சமாத்தானே குறைக்கணும்!" என்று ஆஸ்பத்திரியில் இருந்த தமிழ் டாக்டர் என்னிடம் கத்தினார். நியாயம்தான். அந்தக் கத்தலில் பாதியை வாங்க வேண்டியவர் மருந்தகத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

தேறி வந்ததும் மேடம் புத்தகத்தைக் கேட்டார். நானே கொண்டுபோகிறேன் என்றேன்.

"ஏன் சார், வியாதி எனக்கா, புஸ்தகத்துக்கா?"

அடுத்த செவ்வாய் அவரே என்னோடு வந்தார். அதே டாக்டர் பேனாவைத் திறந்ததும் புத்தகத்தின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார். முகத்தைப் பார்த்து எழுதுங்கள் என்று இந்தியில் சொன்னார். வரிசை முழுதும் திரும்பியது. டாக்டர் நிமிர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் சொன்ன அளவுப்படி, மாத்திரையை மறுபடி தொடங்கி, பிளேடால் நறுக்கிக் குறைத்துக் குறைத்து, ஒன்றரை வருடத்தில் விட்டார். "நேத்து நாலு மணி நேரம் சார். அத்தனையும் என் சொந்தத் தூக்கம்!"

கோடு கிழித்த அந்த டாக்டரை யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

நேற்று ரத்தக்கொதிப்பு மாத்திரைக்காக மருந்தகம் போனேன். வேறு டாக்டர், அதே குனிந்த தலை. புத்தகத்தின் மேல் என் கையை வைத்தேன். மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். கையை எடுக்கவில்லை.