வந்தது யார் என்று சொன்னால் என்ன?

போன மாதம் ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டுக்குப் போயிருந்தேன். என் மகளின் கல்யாணப் புடவை அங்கே கஸ்தூரியம்மாவின் தறியில் இருக்கிறது. போனால்... நெய்ததைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! கல்யாணத்துக்கு நாற்பதே நாள்.

"என்னங்க ஆச்சு?"

"கதவத் தட்னாங்க. யாருன்னு பாத்தேன். புட்டா கணக்கு தப்பிடுச்சுங்க."

தட்டியது வீட்டுக் கதவை அல்ல. சீரியல் கதவை.

தறிக்கு எதிரே டிவி. ஆனால் கஸ்தூரியம்மா பார்ப்பதில்லை, கேட்பார். கண் இழையில் இருக்கும். அதனால் வாராவாரம் ஆரணி பஸ் ஸ்டாண்டிலிருந்து டிவி நிகழ்ச்சிப் புத்தகம் ஒன்றை வரவழைத்து, அன்றன்றைய கதையைக் காலையிலேயே படித்துவிடுவார்.

"படிச்சிட்டா பாக்க வேணாமே. கேட்டுகினே நெய்யலாம்."

எவ்வளவு நல்ல ஏற்பாடு! கெடுத்தது யார்? அந்தப் புத்தகம்தான். நானும் புரட்டினேன். 'கதவைத் திறந்த மீனாவுக்கு அதிர்ச்சி! வந்தது யார்...?' 'உண்மையைச் சொல்வானா ரகு...?' பக்கத்துக்குப் பக்கம் கேள்விக்குறி. கதையைச் சொல்லத்தானே ஐயா காசு வாங்குகிறீர்கள், எங்களை ஏன் கேட்கிறீர்கள்?

டிவியிலாவது சொல்வார்களா? மாட்டார்கள். கதவு திறந்ததும் மூன்று முறை 'டொய்ங்'. ஆளாளுக்கு முகத்தைக் காட்டுவார்கள், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். காதை மட்டும் நம்பியிருப்பவர் என்ன செய்வார்? தலையைத் தூக்குவார். என் மகள் புடவையில் புட்டாப் பூ இடம் நகரும்.

சரி, அந்தப் புத்தகம் யாருக்காகத்தான் வருகிறது? முதல் பக்கத்திலேயே இருக்கிறது: 'அன்புத் தோழியே! வேலையெல்லாம் முடித்து, காலை நீட்டி, காபியோடு சோபாவில் சாய்ந்துவிட்டீர்களா?' கஸ்தூரியம்மாவின் கால் தறிக்குழிக்குள் மிதியை அழுத்திக்கொண்டிருக்கிறது. அவர் எங்கே நீட்டுவது? அந்த ஆபீஸில் யாரோ ஒரு தோழியைக் கற்பனை செய்து வைத்திருக்கிறார்கள். வேலை கிடையாது, யோசனை கிடையாது, கண்ணீர் மட்டும் குடம் குடமாக உண்டு. அப்படி ஒருத்தியை நான் இந்தத் தாலுகாவில் பார்த்ததில்லை.

"ஒரு லெட்டர் போடலாமாங்க?" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

'நான் பட்டு நெசவு செய்கிறேன். உங்கள் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் தறியில் உட்காருவேன். தலையைத் தூக்க முடியாது. யார் வந்தார்கள் என்று தயவுசெய்து போட்டுவிடுங்கள்.'

போன வாரப் புத்தகத்தில் கடிதம் வந்துவிட்டது. வாசகியர் பக்கத்தில், பூப்போட்ட கட்டத்துக்குள்: 'உங்கள் புத்தகத்தைப் படிக்க உட்கார்ந்தால் தலையைத் தூக்க முடியாது. அவ்வளவு சுவாரசியம்! - கஸ்தூரி, இல்லத்தரசி, ஆரணி.'

நெசவு போயே போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு நேரே முள்ளிப்பட்டுக்குப் போனேன். அங்கே மறுபடியும் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த வாரமும் யாரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள். இப்போது கல்யாணத்துக்குப் பதினோரு நாள்.

கட்டத்தை இரண்டு முறை படித்தார். 'இல்லத்தரசி' மேல் விரலை வைத்தார்.

"சும்மா விடக்கூடாதுங்க. இன்னொரு லெட்டர் போடலாம்" என்றேன்.

"வேணாங்க, பேஜாரு" என்று இழை ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தார். "நான் கேட்டுகினே வேல செய்றேன். அவங்க கேக்காமலே செய்றாங்க."