நோன்புக் கஞ்சியில் கலந்த பால்

இருபத்திரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை பெய்த நேரம், தாலுகா ஆபீசுக்குப் போன பஸ், வீட்டில் வைத்த குழம்பு எல்லாம் அதில் இருக்கும். மகள் பிறந்த ஆகஸ்டு மாதத்தின் முதல் பதிமூன்று நாட்களில் மட்டும் "காலை: கேழ்வரகுக் கஞ்சி" என்று எழுதி, அதில் என்ன கலந்தேன் என்பதை விட்டுவிட்டேன். என் மனைவி அந்த நோட்டைப் படிப்பாள்.

அவள் கோட்டயம் பக்கத்து ஆர்த்தடாக்ஸ் குடும்பத்துப் பெண். உத்திரமேரூருக்கு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்க வந்தவள். நாங்கள் கத்தோலிக்கர். இரண்டு வீட்டிலும் மாதா உண்டு என்பதால் தகராறு வராது என்று நினைத்துத்தான் கல்யாணம் செய்துகொண்டோம்.

எங்கள் வீட்டு மாதா சுண்ணாம்புச் சுரூபம். நீல முக்காடு, கூப்பிய கை. அம்மா தினமும் அதன் முன்னால் முழங்காலிட்டு ஜெபமாலை சொல்வாள். மனைவி பக்கத்தில் நிற்பாள், முழங்காலிட மாட்டாள். அவர்கள் கோயிலில் சுரூபம் கிடையாது. அவள் கொண்டுவந்தது சட்டம் போட்ட ஒரு படம், மடியில் குழந்தையோடு மாதா. "குழந்தை இல்லாம தனியா நிக்கிற மாதா எனக்குப் பழக்கமில்லை" என்று ஒருமுறை சொன்னாள். எங்கள் முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் தங்காமல் போன பிறகு, அம்மாவுக்கு அந்தப் பேச்சு ஆறவே இல்லை.

இரண்டாம் முறை கர்ப்பமாகி எட்டு மாதம் முடியும்போது ஆகஸ்டு வந்தது. பதினைந்தாம் தேதி எங்களுக்கு மாதா விண்ணேற்புத் திருநாள், தேர், வாணவேடிக்கை. அவர்களுக்கு அதே நாள் மாதா கண்மூடிய நாள். அதற்காக ஒன்றாம் தேதி முதல் நோன்பு: மீன், முட்டை, கறி இல்லை, பாலும் இல்லை. டாக்டரம்மா ரத்தம் குறைவு என்று சொல்லி, பாலும் முட்டையும் எழுதிக் கொடுத்திருந்தார்.

"மாதா செத்தாங்கன்னு சொல்றியே, அது இன்னா பேச்சு?" என்றாள் அம்மா. "வயித்துல புள்ளைய வெச்சிக்கினு சாவுக்கு நோன்பு கீறியா?"

"செத்தாங்க அம்மா. அப்புறம்தான் மகன் வந்து கூட்டிக்கிட்டுப் போனாரு. சாகாதவங்களுக்கு நம்ம பயம் எப்படித் தெரியும்?"

"எங்க மாதா அப்படியே மேல போனாங்க. கேட்டுக்கடா, உன் பொண்டாட்டி வாயி."

எங்கள் கத்தோலிக்கச் சபை, மாதா இறந்தாரா இல்லையா என்று திட்டமாகச் சொல்வதில்லை. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கும் சாவு என்ற சொல் வீட்டுக்குள் கேட்கப் பயமாக இருந்தது.

மனைவியிடம் நோன்பை விடச் சொன்னேன். "போன தடவை விட்டேன்" என்றாள்.

காலையில் அவளுக்குக் குமட்டும் என்பதால் கஞ்சி காய்ச்சுவது என் வேலை. ஒரு பால் பவுடர் டப்பாவை வாங்கி, பழைய நோட்டுகளுக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு கரண்டி. கேழ்வரகின் நிறத்தில் தெரியவில்லை; பால் வாசனையைக் கருப்பட்டி மூடியது. ஒவ்வொரு நாளும் அவள் படத்தின் முன்னால் சிலுவை போட்டுவிட்டு வந்து அதைக் குடித்தாள். குடித்து முடிக்கும்வரை நான் அந்தப் படத்தின் பக்கம் திரும்பமாட்டேன். எங்களுக்குப் பாலில் ஒரு பாவமும் இல்லை, அதுவும் கர்ப்பிணிக்கு நோன்பே கிடையாது என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். ஆனால் அது என் நோன்பல்ல.

பதிமூன்றாம் நாள் மதியம் வலி எடுத்தது. குறித்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வாடகைக் காரில் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா முன்சீட்டில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். பாலாற்றுப் பாலத்தில் வண்டி குலுங்கியபோது மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பயப்படாதீங்க. பதிமூணு நாள் ஒரு சொட்டுப் பால் தொடலை. இந்தத் தடவை அவங்க கைவிட மாட்டாங்க."

சொன்னால் அவளுக்கிருந்த ஒரே பிடியையும் பிடுங்கியதாகும். சொல்லாமல் ஏதாவது ஆகிவிட்டால்? ஆறு வறண்டு மணலாகக் கிடந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுடைய மாதாவிடம், செத்துப்போன அந்த மாதாவிடம், வேண்டினேன். செய்தது நான், அவளுக்குத் தெரியாது என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

மாலை நாலே முக்காலுக்குப் பெண் பிறந்தது. கதவுக்கு வெளியே அழுகை கேட்க வெகுநேரம் ஆனது. எவ்வளவு நேரம் என்று மட்டும் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பதினைந்தாம் தேதி காலை ஜெபம் முடித்துவிட்டு, "இப்பக் குடிக்கலாம்" என்று மனைவி பால் கேட்டாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தாள். "பதினஞ்சு நாள் கழிச்சுக் குடிச்சா என்ன ருசி" என்றாள். அம்மா தன் சுரூபத்துக்கு மாலை நேர்ந்திருந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. "அந்த வருஷம் அம்மா ஒரு நாளும் முறிக்கலை, அதான் நீ வந்தே" என்று கேட்டு வளர்ந்தவள். இந்த ஆகஸ்டில் தானும் நோன்பு பிடிப்பேன் என்கிறாள். இன்று முதல் நாள். கஞ்சி நான்தான் காய்ச்சினேன். கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

"அப்பா, பால் கலக்கலையே?"

"இல்லம்மா."

உண்மைதான். மனைவி அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்தாள். என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.