இறங்காத விமானத்துக்குச் சம்பளம்

அன்று காலை ஹைதராபாத்திலிருந்து திருப்பதிக்கு விமானத்தை ஓட்டி வந்தது நான். கோ-பைலட்தான், ஆனால் அந்த முறை ஓட்டும் பொறுப்பைக் கேப்டன் என்னிடம் கொடுத்திருந்தார். ஐப்பசி மழை. தொடர்ந்து நான்கு நாட்கள் மூன்று மணிக்கு எழுந்ததில் கண் எரிந்தது. திருப்பதி விமான நிலையம் இருக்கும் ரேணிகுண்டாவில் இறங்க இரண்டு முறை முயன்றேன். எவ்வளவு தாழ வரலாமோ அவ்வளவு வந்தும் ஓடுபாதை தெரியவில்லை. இரண்டு முறையும் மேலே ஏற்றினேன். பிறகு சென்னைக்குத் திருப்பினோம்.

பயணிகளைத் திருப்பதிக்கு அனுப்ப பஸ் ஏற்பாடானது. என் வேலை நேரம் முடிந்திருந்தது, மறுநாள் விடுப்பு. என் வீடும் அந்தச் சாலையில்தான், வடமாலபேட்டையில். சீருடைமேல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். நகரி அவருக்குச் சொந்த ஊர். வேலை ஹைதராபாத்தில், ஒரு ஜவுளிக் கடையில். திருப்பதி ஆஸ்பத்திரியில் மனைவிக்குப் பத்து மணிக்கு ஆபரேஷன். உள்ளே கொண்டுபோவதற்கு முன் முகத்தைக் காட்டிவிட வேண்டுமென்று முதன்முறையாக விமான டிக்கெட் எடுத்திருக்கிறார். திருவள்ளூர் தாண்டும்போதே மணி பத்தேகால்.

"லச்ச லச்சமா சம்பளம் வாங்கறானுங்கம்மா. ஒரு எறக்கு எறக்க முடியலயா? இதே மழையில நம்ம பஸ் டிரைவரு திருமலைக்கு ஏத்திக்கினு போயி எறக்கிக்கினு வரான். அவனுக்கு இன்னா குடுக்கறாங்க?"

திருத்தணியில் டீக்கு நிறுத்தினார்கள். அவர் இறங்கவில்லை. இரண்டு பொட்டலம் இட்லி வாங்கிவந்து, "துன்னுங்கணா" என்று ஒன்றை நீட்டினேன். கை நீட்டி வாங்கியவரிடம் அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"அண்ணா, அந்த பிளேன ஓட்டினது நான்தான்."

ஸ்வெட்டருக்குக் கீழே தெரிந்த பேண்ட்டையும் ஷூவையும் பார்த்தார்.

"நீயா?"

"ஆமாண்ணா. கீழ ஒண்ணுமே தெரியல. தெரியாம எறக்கக் கூடாது."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

நகரி தாண்டியபின் கேட்டார், "எவ்ளோ தராங்க?"

மாதச் சம்பளத்தை மறைக்காமல் சொன்னேன். பறக்கிற மணிக்குத்தான் கணக்கு, தரையில் காத்துக்கிடப்பது அதில் சேராது, பாதி படிப்புக் கடனுக்குப் போய்விடுகிறது என்றும் சொன்னேன்.

"அப்பவும் அது எனக்கு ஒரு வருஷ சம்பளம்மா."

"ஆமாண்ணா."

"எத்தினி பேரு இருந்தோம் உள்ள?" என்றார்.

"எழுவது பேரு."

"எறக்கி எதுனா ஆயிருந்தா..." என்றவர் மேலே சொல்லாமல் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

புத்தூர் அருகே அவருக்கு மைத்துனரிடமிருந்து போன் வந்தது. ஆபரேஷன் முடிந்து அவர் மனைவி கண் விழித்துவிட்டார், இவரைத்தான் கேட்கிறாராம். "வஸ்துன்னானு, வஸ்துன்னானு" என்று, வந்துகொண்டே இருப்பதாக, தெலுங்கில் இரண்டு முறை சொன்னார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அவர் தோளைத் தொடவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

வடமாலபேட்டையில் நான் இறங்கியபோது, "போயி படும்மா, கண்ணு செவந்துக்கீது" என்றார்.

ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கினேன். சாயங்காலம் விழித்தபோது போனில் அலுவலகத்துச் செய்தி: ஆள் குறைவு, நாளைக் காலை விமானத்துக்கு வர முடியுமா? எனக்குத் தருவது நியாயமான சம்பளமா என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால், அதிகம் என்றும் சொல்லியிருப்பேன், போதாது என்றும் சொல்லியிருப்பேன். சரி என்று பதில் அனுப்பிவிட்டுச் சட்டையைத் துவைக்கப் போட்டேன்.