பதினாலாவது ரீல்

பிலிம் ஒட்டும் பசைக்கு நெயில் பாலிஷின் வாடை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் நகத்துக்குப் பூசத் தொடங்கினால் இன்றைக்கும் நான் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவேன். எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் அப்பா ஆபரேட்டராக இருந்த தியேட்டரில் படம் ஓட்டும் "கேபின்", மெஷின் விளக்கில் எரியும் கார்பனின் புகை, ரீல் சுற்றும் மேஜை, அதன் ஓரத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்த நான், எல்லாம் ஒருசேர வந்து நிற்கும்.

விழுப்புரத்தில் ஓடி முடிந்த படத்தின் அதே பிரிண்ட்தான் வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் தகரப் பெட்டியில் எங்களுக்கு வரும். வந்ததும் அப்பா ஒவ்வொரு ரீலையும் மேஜையில் ஏற்றி ஒரு கையால் சுற்றிக்கொண்டே, மறுகை விரல்களுக்கு நடுவே பிலிமின் ஓரங்களை ஓடவிடுவார். மெஷினின் பல் பிடிக்கும் ஓரத்து ஓட்டை எங்கே கிழிந்திருந்தாலும் விரலில் நெருடிவிடும். இரண்டு கையும் வேலையாக இருப்பதால் அவர் சொல்லச் சொல்ல எழுதுவது ஆறாவது படித்த என் வேலை. எத்தனையாவது ரீலில் கிழிசல், எங்கே ஒட்டு என்று எழுதிய "ரிப்போர்ட்", முதல் காட்சிக்கு முன்னால் படக்கம்பெனியின் ஆளிடம் போய்விட வேண்டும். எழுதிக் கொடுத்த சேதம் முந்தைய ஊரைச் சேரும், எழுதாமல் விட்டது அத்தனையும் நம் தலையில் விடியும். இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை, எனக்கே புரிந்திருந்தது.

ஆனால் முந்தைய ஊரின் ஆபரேட்டர் ஏழுமலை மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அவருடைய மெஷினில் ஸ்பிரிங் கெட்டுப்போய் வருஷக்கணக்கில் பிலிமைக் கடித்துக்கொண்டிருந்தது. மாமா கிழிந்ததை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒட்டி எங்களுக்கு அனுப்பிவிடுவார். "நீங்க எழுதிப்புட்டா அவன் நடுத்தெருவுல நிப்பான். ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு எங்க போவான்?" என்று அம்மா அழுவாள். அப்பா என் பக்கம் திரும்பி, "எல்லா ரீலும் நல்ல நிலைன்னு எழுதும்மா" என்பார். இரண்டு வருஷமாக அதையே எழுதி, அந்த வரி மட்டும் எனக்கு அச்சு மாதிரி வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. வந்தது பெரிய சண்டைப் படம். பதினாலாவது ரீலில் அப்பாவின் விரல் நின்றது. ஒரு முழ நீளத்துக்கு ஓரம் கிழிந்து, அதற்குப் பக்கத்தில் புது ஒட்டு. பல்புக்கு நேரே தூக்கிப் பார்த்தார், நானும் எட்டிப் பார்த்தேன். ஒட்டுக்கு இந்தப் பக்கம் வில்லன் அரிவாளை ஓங்குகிறான்; அந்தப் பக்கம் செத்துக் கிடக்கிறான். நடுவில் இருந்த சண்டையைக் காணோம். "இத எழுதட்டாப்பா?" என்றேன். "வேணாம். நல்ல நிலைன்னே எழுது." எழுதினேன். எதிர்த்துப் பேசினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், பேசவில்லை.

மத்தியானக் காட்சிக்கு அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். விழுப்புரத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு அந்தச் சண்டைக்காகவே மறுபடி வந்த கும்பல் ஒன்று கீழே இருந்தது. பதினாலாவது ரீல் கிழிசலில் அறுந்தது, தியேட்டர் இருண்டது, அப்பா ஒட்டி ஓடவிட்டார், அரிவாளை ஓங்கியவன் அடுத்த நொடி பிணமாகக் கிடந்தான். "டேய், ஆபரேட்டரு வெட்டிட்டான்டா!" என்று ஒருவன் கத்த, சோடா பாட்டில்கள் திரையில் வெடித்தன, நாற்காலிகள் பெயர்ந்தன, படிக்கட்டில் காலடிச் சத்தம் திமுதிமுவென்று ஏறி வந்தது. அப்பா என்னை மேஜைக்கு அடியில் தள்ளினார். கதவு உடைந்தது.

முதல் உதை வயிற்றில் விழுந்தது. மடங்கியவரை முடியைப் பிடித்து நிமிர்த்தி, "எந்தக் கையாலடா வெட்டன, காட்டு" என்று ஒருவன் கேட்டான். விழுப்புரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பா சொல்லவில்லை. நெருப்பாய்க் கொதித்துக்கொண்டிருந்த மெஷினின் விளக்குப் பெட்டியின் இரும்புக் கதவைத் திறந்து, அவருடைய வலது கையை இடுக்கில் வைத்துச் சாத்தினார்கள். மூன்று தடவை. எலும்பு நொறுங்கிய சத்தம் மெஷின் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேட்டது. வாயில் பாவாடையைத் திணித்துக்கொண்டு கிடந்தேன்.

போலீஸ் வந்து கூட்டம் கலைந்த பிறகு தியேட்டர் முதலாளி வந்தார், கூடவே படக்கம்பெனி ஆளும். அந்த ஆள் சட்டைப்பையிலிருந்து என் ரிப்போர்ட்டை எடுத்து வாசித்துவிட்டு, "வரும்போது நல்லா இருந்துச்சுன்னு உன் பொண்ணே எழுதிக்கீது. அப்ப வெட்டனது யாரு?" என்றார். கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்த மனிதரை முதலாளி கன்னத்தில் அறைந்தார். வேலை அத்தோடு போயிற்று.

மறுநாள் காலை அம்மா என்னை இழுத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். கேபினில் மாமா மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "முதலாளிகிட்ட வந்து உண்மையச் சொல்லுடா" என்றாள் அம்மா. மாமா நிமிராமலே, "என் கைய வுட்டுப் போகும்போது நல்லாத்தான்க்கா இருந்துச்சு" என்றார். அம்மா பக்கத்தில் கிடந்த காலி இரும்பு ரீலைத் தூக்கி அவர் மண்டையில் அடித்தாள். விழுந்தவரை இன்னொன்று. நான் தடுக்கவில்லை, இன்னும் நாலு அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். முகமெல்லாம் ரத்தமாக, "எழுதித் தரேன்க்கா, அடிக்காத" என்று மாமா அழுதார். "நான்தான் வெட்டினேன்" என்று எழுதி, கையெழுத்தும் போட்டார்.

அந்தக் காகிதத்தை அம்மா ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் கிழித்தார். "ரெண்டு வூட்டு அடுப்பும் அணையணுமா? வுடு" என்றார். வலது கையில் மூன்று விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. நிலக்கடலை மூட்டை அடுக்கும் மல்லாட்டை மண்டியில் வாட்ச்மேனாக இருந்து செத்துப்போனார். மாமா கடைசிவரை ஆபரேட்டராகவே இருந்தார். அப்பாவுக்குப் பெரிய மனசு என்று உறவுக்காரர்கள் இப்போதும் சொல்கிறார்கள். அந்தப் பெரிய மனசின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

இப்போது பெட்டியும் இல்லை, ரீலும் இல்லை, ரிப்போர்ட்டும் இல்லை. திண்டிவனத்துத் தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது. போன மாதம் விழுப்புரத்தில் மகனோடு ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தபோது சண்டைக்கு நடுவில் திரை இருண்டது. விசில் பறந்தது, யாரோ ஒரு வயசாளி பழைய பழக்கத்தில் "ஆபரேட்டரு!" என்று கத்தினார். என்ன செய்கிறேன் என்று தெரிவதற்குள் படியேறிப் போயிருந்தேன். கேபின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே குளுகுளுவென்று ஏசி, தானே படத்தை ஓட்டும், பச்சை விளக்கு மினுக்கும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. ஆள் இல்லை. இருந்தும் மறுபடி படம் ஓடும்வரை இரண்டு கையையும் விரித்து அந்தக் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.