துணி காயப்போட்ட மின்கம்பி

ஒடுகத்தூருக்கு மேலே ஒரு மலையூருக்குத் தடுப்பூசி போடப் போகும் நர்ஸ் நான். அங்கே கம்பி இழுத்து மூன்று வருடமாகியும் கரண்ட் வரவில்லை. கையெட்டும் உயரத்துக்குத் தொய்ந்துபோன கம்பியில் ஊரே துணி காயப்போடும். நானும்தான்.

அன்று தூறலில் நனைந்த துண்டைப் போடக் கை தூக்கினேன். குழந்தைத் துணிகளை எடுக்க வெளியே வந்த பக்கத்து வீட்டுச் செல்வி, "சிஸ்டர், எங்க வூட்ல பல்பு எரியுது" என்று சிரித்தாள்.

கை அப்படியே நின்றது. ஊரில் ஒருவருக்கும் சொல்லாமல் கரண்ட் விட்டிருந்தார்கள். கம்பியை நோக்கி நடந்தவளைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

"இத்தினி நாளா வராதது இன்னைக்கா வரணும்?" என்றாள், கம்பியைத் திரும்பிப் பார்த்து.

இப்போது தடுப்பூசிப் பெட்டியோடு நைலான் கயிறும் கொண்டுபோகிறேன். கரண்ட் வராத ஊர்களில் முதலில் துணிக்கொடி, பிறகுதான் ஊசி.